பீட்டர் பெர்லின்: கேமராவின் இரண்டு பக்கமும் நின்றவர்

1970களின் சான்பிரான்சிஸ்கோவைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தாலே ஒருவருடைய படம் கண்ணில் பட்டுவிடும். கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டினாற்போல நெற்றியை மறைக்கும் பொன்னிற முடி. உடம்போடு ஒட்டிய கால்சட்டை. சில படங்களில் தோல் ஜாக்கெட், சிலவற்றில் மாலுமித் தொப்பி. சுவரில் சாய்ந்தபடி, யாரையோ பார்க்கிற மாதிரியும் யாரையும் பார்க்காத மாதிரியும் ஒரு நிற்பு. பெயர் பீட்டர் பெர்லின். கே ஆண்களுக்கான பாலுணர்வுத் திரைப்படம், புகைப்படம் இரண்டிலுமே அந்தப் பத்தாண்டின் பெரிய பெயர்களில் ஒன்று.

அழகான ஆண்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், இவரிடம் என்ன விசேஷம் என்று கேட்கலாம். விசேஷம் இதுதான்: அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவரும் அவரேதான். போட்டிருக்கும் உடையைத் தைத்தவர் அவர். இருட்டறையில் அச்சிட்டவர் அவர். தபாலில் விற்றவரும் அவர். தன் படத்தைத் தானே எடுப்பது இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட அரை நொடி வேலை. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய காரியம், அதில் என்ன ஆபத்து இருந்தது என்பது அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால்தான் புரியும்.

லோட்ஸ், 1942

பீட்டர் பெர்லின் என்பது வைத்துக்கொண்ட பெயர். பிறந்தபோது வைத்த பெயர் கொஞ்சம் நீளம்: ஆர்மின் ஹாகன் ஃப்ரைஹெர் ஃபோன் ஹோய்னிங்கன்-ஹூனே. ஃப்ரைஹெர் என்பது ஜெர்மன் பிரபுப் பட்டங்களில் ஒன்று, நம் வாசிப்புக்குப் பழக்கமான 'பாரன்' மாதிரி. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டம் பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. பட்டங்கள் மட்டும் குடும்பப் பெயரின் பகுதியாக ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டன. அந்த ஒட்டுதான் இவருடைய பெயரிலும் இருக்கிறது.

பிறந்தது 1942 டிசம்பரில், போலந்தின் லோட்ஸ் நகரில். நாஜிகள் பிடித்து வைத்திருந்த நேரம் அது. ஊர்ப் பெயரையே லிட்ஸ்மன்ஷ்டாட் என்று மாற்றியிருந்தார்கள். ஹோய்னிங்கன்-ஹூனே வம்சம் பால்டிக் ஜெர்மானியர் வம்சம். இன்றைய எஸ்டோனியா, லாட்வியா பகுதிகளில் பல நூற்றாண்டுகளாக நிலவுடைமையாளர்களாக இருந்த கூட்டம். 1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பால்டிக் ஜெர்மானியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி, பிடிபட்ட போலந்து நிலப்பகுதியில் குடியேற்றினார்கள். அதே லோட்ஸில்தான் 1940இல் சுமார் 1,60,000 யூதர்களை ஒரு கெட்டோவில் அடைத்தார்கள். அந்த ஊரில், அந்த வருடங்களில், ஒரு பிரபுக் குடும்பத்துக் குழந்தை பிறந்தது. போர் முடிந்தபோது போலந்தில் ஜெர்மானியர்களுக்கு இடமில்லை. பையன் வளர்ந்தது ஜெர்மனியில். பிற்காலத்தில் தன் பெயராக எடுத்துக்கொண்ட பெர்லின் நகரம்தான் அவருடைய இளமையின் ஊர்.

குடும்பத்தில் இன்னொரு கேமராக்காரரும் உண்டு. ஜார்ஜ் ஹோய்னிங்கன்-ஹூனே, 1900இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். 1920கள், 30களில் பாரிஸ் 'வோக்' இதழுக்குப் படமெடுத்தவர். ஃபேஷன் புகைப்படக் கலையின் தூண்களில் ஒருவர். அவருடைய மிகப் பிரபலமான படம் 1930இல் எடுத்தது: நீச்சலுடையில் ஓர் ஆணும் பெண்ணும் முதுகைக் காட்டி உட்கார்ந்து தூரத்துக் கடலைப் பார்க்கிறார்கள். உண்மையில் அங்கே கடலே இல்லை. பாரிஸில் ஒரு கட்டிட மொட்டை மாடியில் எடுத்த படம் அது. அந்த ஆண், பின்னாளில் தானும் பெரிய புகைப்படக்காரரான ஹோர்ஸ்ட். ஜார்ஜின் காதலர். வெறும் மொட்டை மாடியைக் கடற்கரையாக்கும் வித்தை குடும்பத்துக்கு முன்பே தெரிந்திருந்தது என்று சொல்லலாம். ஆனால் ரத்தத்தில் வந்தது என்று முடித்துவிட்டால், இருட்டறையில் கற்ற வேலைக்கு மதிப்பில்லாமல் போய்விடும். இளைஞர் ஆர்மின் முறையாகப் படித்தது புகைப்படத் தொழில்நுட்பம்.

பிரிவு 175

அந்தக் காலத்து மேற்கு ஜெர்மனியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 175 பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. 1935இல் நாஜிகள் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். தொடுதல்கூட வேண்டாம், எண்ணம் வெளிப்பட்டாலே வழக்குப் போடலாம் என்கிற அளவுக்குக் கொண்டுபோனார்கள். நாஜி ஆட்சி விழுந்தது. சட்டம் விழவில்லை. மேற்கு ஜெர்மனி நாஜிகளின் அதே வாசகத்தை, ஒரு வார்த்தை மாற்றாமல், 1969 வரை வைத்திருந்தது. 1957இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. 1945க்கும் 1969க்கும் இடையில் சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

இந்த வழக்குகள் எப்படி நடந்தன என்பதற்கு பிராங்க்ஃபர்ட்டில் 1950-51இல் நடந்த விசாரணைகள் ஓர் உதாரணம். ஒருவர் பிடிபடுவார். அவர் சொல்லும் பெயர்களை வைத்து அடுத்தவர் வீட்டில் சோதனை. விலாசப் புத்தகம், கடிதம், புகைப்படம் எல்லாம் சாட்சி. ஒருவரைத் தொட்டால் பத்துப் பேர் மாட்டுவார்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். காவல்துறை இப்படிச் சேர்த்து வைத்த பட்டியல்களுக்கு 'இளஞ்சிவப்புப் பட்டியல்' என்றே பெயர்.

அப்படியானால் அங்கே ஒரு புகைப்படம் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். காதலனோடு தோளில் கைபோட்டு எடுத்த படம் நினைவுப்பொருள் கிடையாது, அது தடயம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் படமே எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். 1969இல் சட்டம் தளர்ந்து, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தண்டனை நீங்கியபோது ஆர்மினுக்கு வயது 26. அதாவது ஓர் ஆணின் இளமையில் மிகச் சூடான வருடங்கள் முழுக்க, அவர் செய்த ஒவ்வொன்றும் சட்டத்தின் கண்ணில் குற்றம்.

ஊசி, நூல், இருட்டறை

இருபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு ஜெர்மன் தொலைக்காட்சியின் நேர்காணல் நிகழ்ச்சி ஒன்றில் புகைப்படக்காரர் வேலை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், கேத்தரின் டெனூவ் போன்ற பெரிய ஆட்களையெல்லாம் படமெடுத்தார். சம்பளத்துக்கு அடுத்தவர் முகம். வேலை முடிந்தால் தன் உடம்பு.

பொது இடங்களில் பார்வையாலேயே துணை தேடுவதை ஆங்கிலத்தில் 'குரூசிங்' என்பார்கள். பூங்கா, ரயில் நிலையம், தெருமுனை. வாயைத் திறந்து பேசினால் எதிரில் நிற்பவர் மஃப்டி போலீஸாகவும் இருக்கலாம். அதனால் பேச்சு கடைசியில்தான் வரும். முதலில் நடை, நிற்பு, ஒரு திரும்பல், அரை நொடி அதிகமான பார்வை. பெர்லின், ரோம், பாரிஸ், நியூயார்க் என்று போகிற ஊரிலெல்லாம் ஆர்மின் இந்த மொழியைப் பேசினார், அதுவும் உரக்க. மற்றவர்கள் கண்ணில் படாமல் இருக்க மெனக்கெட்டபோது, இவர் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி உடுத்தினார். கடையில் அப்படிப்பட்ட உடை கிடைக்காது. கால்சட்டையும் மேலாடையும் தானே வடிவமைத்து, தானே தையல் போட்டார். உடம்பின் கோடு எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்தப் படங்களில் முழு நிர்வாணத்தைவிடத் துணிதான் அதிக வேலை செய்கிறது.

அந்த உடைகளோடுதான் தன்னைத்தானே படமெடுக்கத் தொடங்கினார். முக்காலி, டைமர், சில நொடி அவகாசம். ஓடிப்போய் நின்று, உடம்பை அமர்த்த வேண்டும். டிஜிட்டல் திரை கிடையாது. சரியாக வந்ததா என்று தெரிய ஃபிலிமைக் கழுவி அச்சிட வேண்டும். இங்கேதான் அவர் படித்த தொழில் கைகொடுத்தது. இப்படிப்பட்ட ஃபிலிம் சுருளைத் தெருமுனை ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவ முடியாது. பார்த்தவன் போலீஸுக்குச் சொல்வான், இல்லையென்றால் மிரட்டிக் காசு கேட்பான். சொந்தமாக இருட்டறை வேலை தெரிந்தவனால் மட்டுமே யார் கண்ணிலும் படாமல் ஒரு படத்தைப் பிறப்பிக்க முடியும்.

அந்த இருட்டறையில் அவர் விளையாடவும் செய்தார். ஒரே சட்டகத்தில் இரண்டு முறை ஒளி விழச் செய்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பார். அப்படிச் செய்த படங்களில் ஒரு பீட்டரை இன்னொரு பீட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சில அச்சுகளின் மேல் கையால் வண்ணம் தீட்டினார். ஆசைப்படுகிறவனும் ஆசைப்படப்படுகிறவனும் ஒரே ஆள் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

சான்பிரான்சிஸ்கோ

1970களின் தொடக்கத்தில் அவர் சான்பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார். 1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலகம் நடந்து முடிந்த நேரம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் அந்த ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். அதற்காகச் சட்டம் முழுக்க மாறிவிட்டதென்று நினைக்க வேண்டாம். வயதுவந்தவர்களின் இசைவோடு நடக்கும் உறவைக் கலிஃபோர்னியா குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது 1976 ஜனவரியில்தான்.

படங்களின் வரலாறு இன்னொரு தனி ஓட்டம். லாஸ் ஏஞ்சலஸில் பாப் மைசர் என்பவர் 1945இல் 'அத்லெடிக் மாடல் கில்ட்' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கி, 1951 முதல் 'ஃபிசிக் பிக்டோரியல்' இதழை நடத்தினார். உடற்பயிற்சி, ஆரோக்கியம் என்ற போர்வையில் ஆணுடல் படங்கள். கோவணம் மாதிரி ஒரு துண்டுத் துணி கட்டாயம். வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் விஷயம் தெரியும், தபால்துறைக்கும் தெரியும். 1962இல் 'மேன்யுவல் எண்டர்பிரைசஸ் எதிர் டே' வழக்கில், இத்தகைய இதழ்கள் ஆபாசம் என்று சொல்லித் தபாலில் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போர்வை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. 1971இல் வேக்ஃபீல்ட் பூல் எடுத்த 'பாய்ஸ் இன் த சேண்ட்' நியூயார்க்கில் ஒரு திரையரங்கில் வெளியானது. மறைவாக ஓடிய படங்களுக்கு நடுவே, நடிகர், இயக்குநர் பெயரோடு பத்திரிகையில் விளம்பரம் செய்து ஓடிய படம் அது.

இந்த வாசல் திறந்த சமயத்தில்தான் பீட்டர் பெர்லின் உள்ளே வந்தார். நண்பர் ரிச்சர்ட் ஏபலோடு சேர்ந்து 16 மி.மீ. ஃபிலிமில் 'நைட்ஸ் இன் பிளாக் லெதர்' படம். அடுத்து 1974இல் 'தட் பாய்'. இதில் எழுத்து, இயக்கம், தயாரிப்பு, நடிப்பு நான்கும் அவரே. இரண்டுமே ஒளிவுமறைவில்லாத பாலுறவுப் படங்கள்தான், அதை மழுப்பத் தேவையில்லை.

ஆனால் 'தட் பாய்' கதையின் நடுவில் உள்ள யோசனை என்னை நிறுத்தியது. நாயகன் தெருவில் நடக்கிறான். பார்க்கிற எல்லோருக்கும் அவன்மேல் கண். ஆளாளுக்கு அவனை வைத்து ஒரு கற்பனை. அவன் மனசு போவது ஒரு இளைஞனிடம், அந்த இளைஞனுக்குப் பார்வை கிடையாது. உலகமே பார்க்கிற ஒருத்தனை, பார்க்கவே முடியாத ஒருத்தன் எப்படி அறிந்துகொள்வான்? உடை, முடி, நிற்பு என்று கட்டியெழுப்பியதெல்லாம் அவன் முன்னால் செல்லாக்காசு. பீட்டர் பெர்லின் தன் பிழைப்பின் ஆதாரத்தின்மேலேயே ஒரு கேள்விக்குறி போட்டுப் பார்த்த படம் இது. இந்த வகைப் படத்தில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை, அது நம்முடைய குறைதான்.

படங்கள் ஓடின. புகைப்படங்கள் பத்திரிகைகளிலும் தபால் வழியிலும் போயின. வீட்டிலேயே புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் 8 மி.மீ. குறும்படங்களும் விற்றார். அந்தப் பெயர் கடல் தாண்டிப் போயிற்று.

மற்றவர்களின் கண்ணில்

பிறகு பெரிய கலைஞர்களும் வந்தார்கள். ராபர்ட் மேப்பில்தார்ப் படமெடுத்தார். ஆண்டி வார்ஹோல் படமெடுத்தார். பின்லாந்துக்காரரான 'டாம் ஆஃப் ஃபின்லாந்து' அவரை வைத்து ஓவியங்கள் வரைந்தார். டாம் வரையும் ஆண்கள் மிகையானவர்கள்: அகன்ற தோள், இறுகிய சீருடை, குறையே இல்லாத உடம்பு. அப்படி ஒருத்தன் பூமியில் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இங்கே ஒருத்தர் கோட்டோவியத்திலிருந்து எழுந்து வந்தமாதிரி தெருவில் நடந்துகொண்டிருந்தார்.

மேப்பில்தார்ப் கலைஞர், பீட்டர் பெர்லின் 'மாடல்' என்று பிரித்து வைப்பது வழக்கம். அருங்காட்சியகம் முன்னவரை உள்ளே விட்டது, பின்னவரைத் தபால் உறையிலேயே விட்டது. இந்தத் தொழிலில் அன்றைக்கு உடம்பைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒருநாள் கூலியோடு கதை முடிந்தது. நெகட்டிவ் இன்னொருவரிடம், லாபமும் இன்னொருவரிடம். பீட்டர் பெர்லின் அந்தக் கணக்கை மாற்றினார். உடம்பு அவருடையது, நெகட்டிவும் அவருடையது. எதைக் காட்டுவது, யாருக்கு விற்பது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் அவரே முடிவு செய்தார். செல்ஃபிக்கு முன்னோடி என்று இவரை இப்போது சொல்கிறார்கள். ஒருவகையில் சரிதான். ஆனால் செல்ஃபியை எடுத்த நொடியில் அது ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடுகிறது. இவருடைய படம் இவருடைய பெட்டியில் இருந்தது.

தெரு காலியானபோது

1981 ஜூன் 5. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியா பற்றி ஒரு சின்னக் குறிப்பு. எய்ட்ஸ் பற்றிய முதல் பதிவு அதுதான். அடுத்த பதினைந்து வருடங்களில், சரியான கூட்டு மருந்துகள் 1996 வாக்கில் வருவதற்குள், சான்பிரான்சிஸ்கோ ஆயிரக்கணக்கான ஆண்களைப் புதைத்தது. மேப்பில்தார்ப் 1989இல், 42 வயதில் போனார். பீட்டர் பெர்லினைப் பார்த்தவர்கள், தெருவில் அவரோடு கண் கோத்தவர்கள், அவர் படத்தைத் தபாலில் வாங்கி அலமாரிக்குள் வைத்திருந்தவர்கள் என்று ஒரு தலைமுறையே சரிந்தது.

பார்க்கப்படுவதற்காகவே ஒருவர் வாழ்ந்திருந்தால், பார்க்கிறவர்கள் போனபின் என்ன மிச்சம்? அவர் 80களில் பொதுவெளியிலிருந்து ஏறக்குறைய மறைந்தார். ஊரை விட்டுப் போகவில்லை. அதே சான்பிரான்சிஸ்கோவில், பீட்டர் பெர்லின் என்ற உருவத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாழ்ந்தார். 2005இல் ஜிம் டுஷின்ஸ்கி எடுத்த 'தட் மேன்: பீட்டர் பெர்லின்' ஆவணப்படம் அவரை மறுபடி வெளியே கொண்டுவந்தது. இயக்குநர் ஜான் வாட்டர்ஸ், எழுத்தாளர் ஆர்மிஸ்டெட் மாப்பின் போன்றவர்கள் அதில் பேசுகிறார்கள். அவரோ பீட்டரைப் பற்றி, வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலவே பேசுகிறார். 2019இல் அவருடைய படங்கள் ஒரு பெரிய தொகுப்பு நூலாகவும் வந்தன. இன்று கலைக்கூடங்கள் அந்தப் பழைய அச்சுகளைச் சுவரில் மாட்டுகின்றன.

எதற்காக இதையெல்லாம் பார்ப்பது

இரண்டு அலமாரிகளை மனதில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, ஜெர்மன் காவல்துறையின் அலமாரி. அதில் பிடிபட்ட ஆண்களின் பெயர்கள், கடிதங்கள், வீட்டில் பறித்த புகைப்படங்கள். எழுதியவன் காவலன், பொருள் சொல்பவன் நீதிபதி. அந்தத் தண்டனைகளை ஜெர்மன் நாடாளுமன்றம் 2017இல்தான் ரத்து செய்தது. ஒரு தண்டனைக்கு 3,000 யூரோ இழப்பீடு, சிறையில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கூடுதலாக 1,500 யூரோ. வாங்கிக்கொள்ள உயிரோடு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இன்னொன்று, பீட்டர் பெர்லினின் அலமாரி. அதே நாடு, அதே வருடங்கள், அதே ஆசை. ஆனால் அதில் உள்ளவர் பயந்து ஒடுங்கியவராக இல்லை, பரிதாபத்துக்குரியவராகவும் இல்லை. தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பார்க்கிறவருக்கே சொல்லிக்கொடுக்கிறார்.

இதைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. அவர் போராளி கிடையாது, கொடி பிடித்ததாகவும் தெரியவில்லை. தன் அழகில் தானே மயங்கியவர் என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. கே ஆண் என்றால் இந்த உடம்பு, இந்த நிறம், இந்த இளமை என்று ஓர் அளவுகோல் உருவாக இத்தகைய படங்களும் காரணம். அந்த அளவுகோலால் வெளியே தள்ளப்பட்டவர்கள் நிறையப் பேர். அதையும் சேர்த்தேதான் கணக்கெழுத வேண்டும்.

ஆனாலும், வரலாறு எழுத உட்காரும்போது கையில் என்ன ஆவணம் கிடைக்கிறது என்பது முக்கியம். எய்ட்ஸில் இறந்த எத்தனையோ ஆண்களின் புகைப்படங்களைக் குடும்பத்தார் வெட்கப்பட்டுக் குப்பையில் போட்டார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்ற கவலையும் சேர்ந்துதான் 1985இல் சான்பிரான்சிஸ்கோவில் கே, லெஸ்பியன் வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டது. அப்படி அழிந்தவை போக மிச்சமிருப்பதில் பெரும்பகுதி போலீஸ் எழுதியது, மருத்துவர் எழுதியது, பத்திரிகைக்காரர் எழுதியது. அந்த ஆண்கள் தங்களைப் பற்றித் தாங்களே விட்டுப்போனது மிகக் குறைவு. அந்தக் குறைவான குவியலில், முக்காலிக்கு முன்னால் ஓடிப்போய் நின்ற ஒருவருடைய பெட்டி நிறையப் படங்கள் முழுசாகத் தப்பியிருக்கின்றன.